ஆழத்தில் நீளும் கை

நுழையும்முன்

கடலுக்குள் மூழ்கி முத்தெடுத்த மரபு நம்முடையது. மூச்சை அடக்கி மூழ்குவோர் பொதுவாக எட்டும் ஆழம் சில பத்து மீட்டர்களே. பல ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பல்களிலிருந்து பொருள்களை மீட்போர், கடல்மேல் நிற்கும் கலத்தின் அறையொன்றில் அமர்ந்தவாறே அப்பணியைச் செய்கின்றனர். அத்தொழிலின் நுட்பத்தையும் அதற்குள் பொதிந்துள்ள பொறுப்பையும் 'கெய்ர்சொப்பா' என்னும் கப்பலின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

தேரைச் செலுத்துபவனை வலவன் என்பது சங்ககால வழக்கு. வலவன் செலுத்தாமலே வானில் செல்லும் ஊர்தி ஒன்றைப் புறநானூறு கற்பனை செய்திருக்கிறது. இன்றைய ஆழ்கடல் ஊர்தி அக்கற்பனையிலிருந்து சற்றே மாறுபட்டது. இதற்கு வலவர் உண்டு. ஆனால், அவர் ஊர்திக்குள் இல்லை. ஊர்தி கடலின் அடித்தரையில் இருக்க, அவர் பல கிலோமீட்டர் உயரத்தில், கப்பலின் மேல்தளத்தில், திரைகளின் முன் அமர்ந்திருப்பார். இருவரையும் இணைப்பது ஒரு வடம். அந்த வடத்தின் வழியே மின்னாற்றல் கீழே செல்கிறது. கண்ணாடி இழைகளின் வழியே காட்சி மேலே வருகிறது. தொலைவிலிருந்து இயக்கப்படும் இவ்வகை ஊர்தியைத் துறை சார்ந்தோர் 'ஆர்ஓவி' என்று சுருக்கமாக அழைப்பர்.

எண்ணெய்க் கிணறுகளைப் பராமரிக்கவும், கடலடித் தொலைத்தொடர்பு வடங்களைச் செப்பனிடவும், உயிரியல் ஆய்வுக்கும் இவ்வூர்திகள் நாள்தோறும் பயன்படுகின்றன. மூழ்கிய கப்பல்களின் செல்வத்தை மீட்பது இவற்றின் பணிகளுள் மிகச் சிறு பகுதிதான். ஆயினும், ஓர் இயக்குநரின் கைத்திறனையும் மனச்சான்றையும் ஒருசேரச் சோதிக்கும் பணி அதுவே எனலாம்.

கெய்ர்சொப்பாவின் இறுதிப் பயணம்

கர்நாடகத்தில் சராவதி ஆறு பாறைகளிலிருந்து வீழும் இடத்தை ஜோக் அருவி என்கிறோம். அதற்குக் கெர்சொப்பா அருவி என்றும் பெயருண்டு. அப்பெயரைத் தாங்கிய சரக்குக் கப்பல் 1919ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்குரிய அக்கப்பலின் மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர். 'லஸ்கர்' என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட இக்கடலோடிகள், உடன் பணியாற்றிய பிரித்தானியரைவிட மிகக் குறைந்த ஊதியத்துக்கு உழைத்தவர்கள்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1940 டிசம்பரில், கல்கத்தாத் துறைமுகத்தில் கெய்ர்சொப்பா ஏறத்தாழ 7,000 டன் சரக்கை ஏற்றிக்கொண்டது. கச்சா இரும்பும் தேயிலையும் பிற பொருள்களும் வெள்ளிக் கட்டிகளும் அதில் அடங்கும். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குச் செல்லும் அஞ்சல் சிப்பங்களும் ஏறின. மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுனில் பிற கப்பல்களோடு அணி சேர்ந்து, 1941 ஜனவரி இறுதியில் அது வடக்கு நோக்கிப் புறப்பட்டது. கடும் புயற்காற்றை எதிர்த்துச் சென்றதில் நிலக்கரி குறைந்தது. அணியோடு தொடர்ந்தால் எரிபொருள் போதாது என்று கருதிய கப்பல்தலைவர், அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நோக்கித் தனியே திரும்பினார். போர்க்காலக் கடலில் தனித்துச் செல்லும் சரக்குக் கப்பலுக்குப் பாதுகாப்பில்லை. பிப்ரவரி 16 அன்று ஜெர்மானிய விமானம் ஒன்று அதனைக் கண்டுகொண்டது. அன்றிரவு 'யு-101' என்னும் நீர்மூழ்கி செலுத்திய டார்பிடோ கப்பலின் பக்கத்தைப் பிளந்தது. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் கெய்ர்சொப்பா மூழ்கியது.

உயிர்காப்புப் படகுகளுள் ஒன்று மட்டுமே கரையை எட்டியது. இரண்டாம் நிலை அலுவலர் ரிச்சர்டு அயர்ஸ் அதற்குப் பொறுப்பேற்றிருந்தார். குளிராலும் தாகத்தாலும் ஒவ்வொருவராக இறக்க, பதின்மூன்றாம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரம் அப்படகு வந்தது. கரையை நெருங்கிய வேளையில் அலை அதனைக் கவிழ்த்தது. எஞ்சியிருந்த சிலருள் அயர்ஸ் ஒருவரே உயிருடன் மீட்கப்பட்டார். எண்பதுக்கும் மேற்பட்டோர் சென்ற கப்பலில் பிழைத்தவர் அவர் ஒருவரே.

வெள்ளிக்கு அரசின் காப்பீடு இருந்தமையால், பிரித்தானிய அரசு உரியவர்களுக்கு ஈட்டுத்தொகை வழங்கியது. வெள்ளியின் உரிமை அரசைச் சேர்ந்தது. பின்னர் எழுபது ஆண்டுகள் அயர்லாந்துக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்தில் அது கிடந்தது. டைட்டானிக் கிடக்கும் ஆழத்தைவிட இது ஏறக்குறைய 900 மீட்டர் கூடுதலாகும்.

நீரின் எடை

அவ்வளவு ஆழத்தில் நீரின் அழுத்தம், நாம் வாழும் காற்றுவெளியின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 470 மடங்கு. கட்டைவிரல் நகத்தின் பரப்பின்மீது ஒரு சிற்றுந்தின் எடை அமர்வதாகக் கொண்டால் ஒருவாறு விளங்கும். ஊர்தியோடு சாதாரண வெண்ணுரைக் குவளையை வலைப்பையில் கட்டி அனுப்புவது ஆழ்கடல் கப்பல்களில் ஒரு விளையாட்டு. குவளைக்குள் இருந்த காற்றறைகள் நசுங்கி, விரலில் மாட்டும் தொப்பி அளவுக்குச் சுருங்கி அது மேலே வரும். வீட்டுக் குழந்தைகளின் பெயரை அதன்மேல் எழுதி அனுப்புவோரும் உண்டு.

இத்தகைய அழுத்தத்தைத் தாங்க ஊர்தியை வடிவமைப்போர் இரு வழிகளைக் கையாள்கின்றனர். மின்னணுக் கருவிகளைத் தடித்த டைட்டானியக் கூடுகளுக்குள் வைப்பது ஒன்று. மோட்டார்களையும் இணைப்புப் பெட்டிகளையும் எண்ணெயால் நிரப்பி, உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்துக்கு நிகராக்குவது மற்றொன்று. எதிர்த்து நிற்பதைவிட இசைந்து நிற்பது எளிது என்னும் இரண்டாவது வழியில், கூடு தடித்திருக்கத் தேவையில்லை. ஊர்தி மிதப்பதற்கு உதவும் நுரைப்பொருளும் தனித்தன்மை உடையது. கண்ணுக்குப் புலப்படாத வெற்றுக் கண்ணாடிக் குமிழ்களைப் பிசினில் கலந்து அதனைச் செய்கின்றனர். அது வெண்ணுரைக் குவளையைப்போல் சுருங்காது.

அடித்தரையை அடைய ஊர்திக்குச் சில மணி நேரம் ஆகும். முதல் இருநூறு மீட்டருக்குள் பகலொளி மங்கிவிடும்; ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரியன் இருந்ததற்கான அடையாளமே இல்லை. திரையில் ஊர்தியின் விளக்கொளியும், அதில் பனித்தூள்போல் வீழும் உயிர்ப்பொருள் துகள்களும் மட்டுமே தெரியும்.

கட்டுப்பாட்டு அறை

இப்பணியில் பன்னிரண்டு மணி நேர முறைமாற்றம் இயல்பானது. கலத்தை நிறுத்தி வைக்க நாளொன்றுக்கு ஆகும் செலவு மிகப் பெரிது என்பதால் இரவும் பகலும் வேலை ஓடும். ஒருவர் ஊர்தியைச் செலுத்துவார். மற்றொருவர் அதன் இயந்திரக் கைகளை இயக்குவார். இடத்தைக் கணிப்பவரும் ஒவ்வொரு செயலையும் பதிவு செய்பவரும் உடனிருப்பர். வரலாற்று மதிப்புள்ள கலமாயின் தொல்லியலாளரும் அமர்ந்திருப்பார்.

கீழே உள்ள ஊர்தி எங்கே நிற்கிறது என்பதை அறிவது முதற்சிக்கல். செயற்கைக்கோளின் வானொலி அலை கடலுக்குள் புகாது. ஆதலால் ஒலியையே நம்ப வேண்டும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 4,700 மீட்டர் ஆழத்துக்கு ஒலி சென்று சேர மூன்று நொடிக்கு மேலாகும். மறுமொழி திரும்ப மீண்டும் மூன்று நொடி. திரையில் தெரியும் காட்சி இக்கணத்துக்குரியது. வரைபடத்தில் தெரியும் இடமோ சில நொடிகளுக்கு முந்தியது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டே இயக்குநர் ஒவ்வோர் அசைவையும் முடிவு செய்கிறார்.

அதனினும் பெரிய சிக்கல் சேறு. பல்லாண்டுகளாகப் படிந்த வண்டல், உந்துசுழலி ஒருமுறை தவறாகச் சுழன்றாலே புகைபோல் எழும். விளக்கொளி அதில் பட்டுச் சிதறித் திரை வெண்மையாகிவிடும். அந்நிலையில் செய்யத்தக்கது ஒன்றே: கையை எடுத்துவிட்டுக் காத்திருத்தல். மெல்லிய நீரோட்டம் சேற்றை அகற்றும் வரை பத்து நிமிடமோ அரை மணியோ அசையாமல் அமர்ந்திருக்கும் பொறுமையில்தான் தேர்ந்தவரும் புதியவரும் வேறுபடுகின்றனர். இதற்காகவே ஊர்தியின் எடையைச் சற்றே மிதக்கும்படி அமைத்துக்கொள்வர். அதனைக் கீழே இருத்திவைக்கச் சுழலிகள் நீரை மேல்நோக்கித் தள்ளும். தரையிலுள்ள சேறு கலையாது.

தொடுவுணர்வு பெரும்பாலும் இல்லை என்பதையும் கருத வேண்டும். இயக்குநரின் மேசைமீது சிறிய கைவடிவக் கருவி ஒன்று இருக்கும். அதனை அசைத்தால் கீழேயுள்ள இயந்திரக் கை அவ்வாறே அசையும். எஃகை நெரிக்கும் ஆற்றல் அதற்குண்டு. எனினும், பிடித்திருப்பது இரும்பா, மட்கிய மரமா என்பதை அது பெரும்பாலும் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும். திரையோ தட்டையானது. முன்பின் தொலைவை நிழலின் அசைவாலும், இணையாகச் செல்லும் இரு லேசர் புள்ளிகளின் இடைவெளியாலும் கணிக்கின்றனர். தன் கை எங்கே முடிகிறது என்பதை அதன் நிழலைப் பார்த்து அறியும் தொழில் இது.

தெரிந்து தெளிவோம்

சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், 6,000 மீட்டர் ஆழம் வரை செல்லத்தக்க 'ரோசப் 6000' என்னும் தொலையியக்க ஊர்தியை உருவாக்கியது. 2010ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதியில் அது 5,289 மீட்டர் ஆழத்தை எட்டியது. கடலடித் தரையிலுள்ள பன்னுலோக முடிச்சுகளை ஆராய்வது அதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

வெள்ளி மேலே வருதல்

2010ஆம் ஆண்டு பிரித்தானிய அரசின் போக்குவரத்துத் துறை, கெய்ர்சொப்பாவின் வெள்ளியை மீட்கும் ஒப்பந்தத்தை 'ஒடிசி மரைன் எக்ஸ்புளோரேஷன்' என்னும் அமெரிக்க நிறுவனத்துக்கு அளித்தது. செலவு முழுவதும் நிறுவனத்தைச் சேர்ந்தது. ஒன்றும் கிடைக்காவிடில் இழப்பும் அதனுடையதே. கிடைத்தால், செலவு போக எஞ்சும் மதிப்பில் 80 விழுக்காடு நிறுவனத்துக்கு, மீதி அரசுக்கு.

2011ஆம் ஆண்டில் பக்கவாட்டு ஒலியலைக் கருவியை ஆழத்தில் இழுத்துச் சென்று தேடினர். பெயர்ப்பலகை இல்லாமலேயே கப்பலை இனங்காண வேண்டியிருந்தது. கட்டமைப்பு, அறைகளின் எண்ணிக்கை, டார்பிடோ பிளந்த துளை, சிதறிக் கிடந்த தேயிலைப் பெட்டிகள் ஆகிய சான்றுகள் ஒன்றையொன்று வலியுறுத்தின. கலம் நிமிர்ந்த நிலையிலேயே அடித்தரையில் அமர்ந்திருந்தது.

2012ஆம் ஆண்டு 1,218 கட்டிகளும், 2013ஆம் ஆண்டு 1,574 கட்டிகளும் மேலே வந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 கிலோ எடையுள்ளது. ஆக மொத்தம் 2,792 கட்டிகள்; நூறு மெட்ரிக் டன்னை ஒட்டிய வெள்ளி. காப்பீடு செய்யப்பட்டிருந்த வெள்ளியில் மிகச் சிறு பகுதியைத் தவிர எஞ்சிய அனைத்தும் மீட்கப்பட்டது. இரண்டாம் ஆண்டில் கிடைத்தவை, எளிதில் அணுக முடியாத சிற்றறை ஒன்றில் இருந்தன. இதற்குமுன் இவ்வளவு ஆழத்திலிருந்து இத்துணை எடையுள்ள விலைமிகு உலோகம் மீட்கப்பட்டதில்லை என்று அந்நாளில் பேசப்பட்டது. மீட்ட வெள்ளியின் ஒரு பகுதியில் பிரிட்டனின் அரச நாணயச்சாலை நாணயங்களை வெளியிட்டது.

நாளிதழ்கள் எண்களை வியந்தன. கட்டுப்பாட்டு அறையில் அவ்வெண்கள் வேறு வடிவம் கொள்கின்றன. 35 கிலோ வெள்ளி, தான் விலக்கிய நீரின் அளவுக்கு எடை இழந்தாலும், கடலுக்குள்ளும் 31 கிலோவுக்கு மேல் இருக்கும். இயந்திரக் கையால் பற்றி, உயர்த்தி, சிதைந்த எஃகுத் தகடுகளில் வடம் சிக்காமல் திரும்பி, கூடையில் இறக்க வேண்டும். பிறகு அடுத்த கட்டி. அவ்வாறு 2,792 முறை என்று எண்ணிப் பார்த்தால்தான் அவ்வுழைப்பு விளங்கும். வடம் சிக்கினால் ஊர்தியையே இழக்க நேரிடும். புதையல் என்னும் சொல் தரும் கிளர்ச்சிக்கும் இவ்வேலையின் நாள்முறைக்கும் தொடர்பு குறைவு. நெசவாளரின் தறியோட்டத்துக்கே இது நெருங்கியது.

நனைந்த கடிதங்கள்

சரக்கறைகளில் அஞ்சல் சிப்பங்களும் கிடந்தன. எழுபது ஆண்டுகள் கடலில் கிடந்த தாள் எஞ்சியிருக்கும் என்று எவரும் எளிதில் எண்ணமாட்டார்கள். ஆனால், ஒளி இல்லாமையும் உறைநிலையைச் சற்றே தாண்டிய குளிரும், இறுகப் புதைந்த இடத்தில் உயிர்வளியின் குறைவும் சேர்ந்து அவற்றைக் காத்தன. எழுநூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் மீட்கப்பட்டன.

வெள்ளியைப் பற்றும் கையால் தாளைப் பற்ற முடியாது. நனைந்த தாள் தன் எடையையே தாங்காது. இரும்பு விரல் பட்டால் கூழாகும். இத்தகைய மென்பொருள்களைச் சூழ்ந்துள்ள வண்டலோடு சேர்த்து அடியிலிருந்து ஏந்தி, மூடிய பெட்டியில் வைத்து மேலே கொணர்வதே முறை. நீர்மட்டத்தைக் கடக்கும் நொடியே இடர் மிகுந்தது. அலையின் ஓர் உலுக்கல் போதும். மேலே வந்தபின்னும் தாளை உலரவிடக் கூடாது. குளிர்ந்த நீரில் வைத்து உப்பை நீக்கி, உறையச் செய்து, அந்நிலையிலேயே ஈரத்தை அகற்றும் முறையால் வல்லுநர்கள் பிரித்தெடுப்பர். ஒரு கடிதத்தை விரிக்கப் பல நாள்கள் ஆகலாம்.

1940ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து எழுதப்பட்டவை அவை. எழுதியோருள் எல்லைப்புறத்தில் பணியாற்றிய படைவீரர்கள், சமயப் பணியாளர்கள், வணிகர்கள் எனப் பலரும் இருந்தனர். தன் மண விருப்பத்துக்கு இசைவு தெரிவித்த பெண்ணுக்குப் படைவீரர் ஒருவர் எழுதிய மகிழ்ச்சிக் கடிதமும் அவற்றுள் ஒன்று. அக்கடிதம் அவளைச் சேரவில்லை. அவள் வேறொருவரை மணந்துகொண்டாள். கடிதம் கண்டெடுக்கப்பட்ட செய்தி எட்டியபோது அவருக்கு வயது நூற்றை நெருங்கியிருந்தது. 2018ஆம் ஆண்டு லண்டனிலுள்ள அஞ்சல் அருங்காட்சியகம் இக்கடிதங்களைக் காட்சிக்கு வைத்தது.

ஒப்பந்தம் வெள்ளிக்கானது, செலவும் வருவாயும் கட்டிகளின் எண்ணிக்கையால் கணக்கிடப்பட்டவை. தாளுக்காகச் செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் அக்கணக்கில் இழப்பே. கூடையில் இடம் தேடும் வெள்ளிக்கும், சேற்றில் நெகிழ்ந்து கிடக்கும் தோல்பைக்கும் நடுவே ஊர்தி நிற்கும்போது, எதன்பால் கை நீள வேண்டும் என்பதை மேலே அமர்ந்திருப்போர் முடிவு செய்கின்றனர். இப்பாடத்தின் கருத்தில், அத்தொழிலின் தரத்தை அளக்கும் கோல் அந்த முடிவே.

எவருக்கு உரியது?

மீட்டவருக்கே பொருள் சொந்தம் என்று கடற்சட்டம் சொல்வதில்லை. 1804ஆம் ஆண்டு மூழ்கிய 'மெர்சிடஸ்' என்னும் ஸ்பானியப் போர்க்கப்பலிலிருந்து, இதே நிறுவனம் 2007ஆம் ஆண்டு ஏறத்தாழ 17 டன் நாணயங்களை மீட்டு அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றது. ஸ்பெயின் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க நீதிமன்றங்கள் ஸ்பெயினின் உரிமையை ஏற்றன. 2012 பிப்ரவரியில் நாணயங்கள் அனைத்தும் விமானத்தில் திரும்பிச் சென்றன. கெய்ர்சொப்பாவில் அத்தகைய வழக்கு எழவில்லை. உரிமையாளரான அரசே ஒப்பந்தம் செய்திருந்தது.

யுனெஸ்கோ 2001ஆம் ஆண்டு நிறைவேற்றிய நீரடிப் பண்பாட்டு மரபுரிமை உடன்படிக்கை, நூறாண்டுக்கு மேல் நீரில் கிடக்கும் கலங்களை வணிக நோக்கில் பயன்படுத்துவதை ஏற்கவில்லை. இயன்றவரை இருந்த இடத்திலேயே காப்பதை அது முதற்கடமையாகக் கொள்கிறது. தொல்லியலாளர் பலரின் நிலைப்பாடும் இதுவே. விற்பனைக்காகப் பொருள் எடுக்கப்படும் இடத்தில் சான்றுகள் சிதையும் என்பது அவர்கள் வாதம். வணிக நிறுவனம் செலவிடாவிடில் அக்கடிதங்களை எவரும் கண்டிருக்க மாட்டார்கள் என்பது மறுதரப்பின் வாதம். இரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. 1941இல் மூழ்கிய கெய்ர்சொப்பா, மீட்பு நடந்த ஆண்டுகளில் அந்நூறாண்டு எல்லைக்குள் வரவில்லை.

இரும்புக் கை எட்டாத ஒன்றும் இக்கதையில் உண்டு. சிப்பங்கள் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குச் சென்றவை. கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளியவரும் சமைத்தவரும் சுக்கான் பிடித்தவருமான இந்தியக் கடலோடிகள் தம் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எதிர்த்திசையில் செல்பவை. அவை அங்கே இருக்க வழியில்லை. அப்போரில் கடலில் மறைந்த இந்தியக் கடலோடிகளுக்கென மும்பையிலும் வங்காளதேசத்தின் சிட்டகாங்கிலும் நினைவுப் பதிவேடுகள் பேணப்படுகின்றன. அவர்களுடைய பெயர்கள் அவற்றில் எழுதப்பட்டுள்ளன.